புதன்கிழமை மன்றாட்டு

"இன்னாங்க, சுறாப்புட்டுல உப்பு கம்மியா கீதா?"

ஜானட் இப்படிக் கேட்ட நேரத்தில் பிராங்கிளின் தன் கைபேசியைத் தட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான்.

"இல்லியே. சூப்பரா கீது."

"அப்பறம் ஏன் தொடாம குந்திகினு கீறீங்க?"

"சூடா கீது. ஆறட்டும்னு பாக்கறேன்."

சுறாப்புட்டு ஆறி வெகு நேரமாகியிருந்தது. எதிரே அவன் அப்பா யேசுதாஸ் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு அதையும் முடிக்கும் தறுவாயில் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். உயரத்தில் உட்கார்ந்தபடி கீழே நடப்பதைக் கவனித்தே பழகிய கண் அவருக்கு. மகனின் தட்டை ஒரு தரம், முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, மகன் பங்கையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தட்டுக்கு அடியில் இருந்த செய்தி இதுதான்: 'வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. சின்ன அறை. தனியாக வரவும்.' அனுப்பியிருந்தவர் எச்.ஆர். ரிஃபானா மேடம்.

வெளியாள் யாராவது படித்தால் இதில் பயப்பட ஒன்றும் இல்லை. பிராங்கிளினின் கம்பெனியில் வேலை செய்கிறவன் படித்தால் மேசை டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்துவிடுவான். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடி மாளிகை கட்டி, உலகம் பூராவும் கிளை வைத்திருக்கும் அந்தப் பெரிய கம்பெனி ஆறு மாதமாகச் சிக்கனத்தில் இறங்கியிருந்தது. முதலில் காபி மிஷின் பக்கத்தில் இருந்த பிஸ்கெட் போனது. அப்புறம் டிஷ்யூ பேப்பர் போனது. அப்புறம் வாடகைக்கு வைத்திருந்த பூந்தொட்டிகளை ஒருவன் வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனான். ஏ.சி. செலவை மிச்சம் பிடிக்கப் புதன்கிழமைகளில் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்யட்டும் என்றார்கள். பூந்தொட்டிக்குப் பிறகு ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குச் சின்ன அறைக்குக் கூப்பிடுவார்கள். உள்ளே போகும்போது கழுத்தில் அடையாள அட்டை தொங்கும், வெளியே வரும்போது கழுத்து வெறுமையாக இருக்கும். அந்த அறைப் பக்கம் டீ குடிக்கக்கூட இப்போது யாரும் ஒதுங்குவதில்லை.

பிராங்கிளினுக்கு வேலை போனால் சம்பளத்தோடு பேரும் போகும். ராயபுரத்தில் அவன் தெருவில் பிராங்கிளின்கள் நிறைய. மீன் பிராங்கிளின், ரயில்வே பிராங்கிளின், பேண்டு வாத்தியம் பிராங்கிளின் என்று ஆளுக்கொரு அடைமொழி. இவன் 'கம்ப்யூட்டர் பிராங்கிளின்'. பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்துச் சம்பாதித்த பட்டம். வேலை போய்விட்டால் வெறும் பிராங்கிளினாக அந்தத் தெருவில் நடக்க வேண்டும். யாராவது கூப்பிட்டால் நாலு பேர் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்கள். அதை நினைக்கும்போதுதான் அவனுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

வீட்டில் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தான். ஜானட் பயந்துவிடுவாள். ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் தனக்கு நெஞ்சு வெடித்துவிடும். எனவே 'டீ குடிச்சிட்டு வரேன்' என்று கிளம்பி, கல்மண்டபம் டீக்கடையில் கமாலைப் பிடித்தான். கமால் பள்ளிக்கூடத்திலிருந்து தோஸ்து. துறைமுகத்தில் கண்டெய்னர் வெளியே எடுத்துக் கொடுக்கும் வேலை.

கமால் முழுக்கக் கேட்டான். டீயை ஓர் உறிஞ்சு உறிஞ்சினான்.

"மாமு, இதுக்கா பேஜாராவுற? வேல போனா போவுது. நம்பள்கி ஹார்பர் கீது."

"எனக்குக் கண்டெய்னரப் பத்தி இன்னா தெரியும்டா?"

"எனக்கு மட்டும் இன்னா தெரியும்? ஓடிகினு இல்ல?"

"வூட்ல யாருக்கும் தெரியாது. நீ யார்கிட்டயும் மூச்சு விடாத."

"இன்னா மாமு இப்டிக் கேட்டுட்ட? எம் மேல அவ்ளோதான் நம்பிக்கையா?" கமாலுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் நெஞ்சில் கையை வைத்துச் சத்தியம் செய்தான்.

அந்தச் சத்தியத்தைக் கமால் காப்பாற்றத்தான் செய்தான், வீடு போய்ச் சேரும் வரைக்கும். அங்கே அவன் மனைவி தாஹிரா, 'இன்னா மூஞ்சி ஒரு மாதிரி கீது?' என்று கேட்டாள். தாஹிராவும் ஜானட்டும் பிள்ளைகளை ஒரே ஆட்டோவில் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள். ஆட்டோ காலை எட்டு மணிக்கு வரும்.

செவ்வாய்க்கிழமை மாலை பிராங்கிளின் வீடு திரும்பியபோது வீடு மாறியிருந்தது. கூடத்தில் விளக்கு எரியவில்லை. மின்விசிறி ஒன்றாம் எண் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. டீயில் பால் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படும்படி இருந்தது. யேசுதாஸ் வாசல் வெளிச்சத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஜானட், கரண்டு இல்லியா?"

"கீது. கண்ணுக்கு நல்லதில்லைன்னு நாந்தான் நிறுத்தினேன்."

ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் வஞ்சிரத்தின் நடுத்துண்டு அவன் தட்டில் விழுந்தது. ஜானட் நாலு துண்டையும் அவனுக்கே போட்டாள். "சாப்டுங்க, நல்லா சாப்டுங்க" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். கல்யாணமான நாள் முதல் ஜானட் அவன் முதுகைத் தடவிக் கொடுத்ததே இல்லை. அப்பாவுக்குத் தலைப்பகுதிதான் கிடைத்தது. அவரும் முணுமுணுக்காமல் சாப்பிட்டார்.

'ஆபீசில்தான் சிக்கனம் என்றால் வீட்டிலுமா?' என்று நினைத்தானே தவிர, விஷயம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டர் படித்த மூளை.

"அப்பறம் ஏங்க, நாளிக்கு அன்பியம் நம்ம வூட்ல" என்றாள் ஜானட்.

அன்பியம் என்பது அந்தத் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரா வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்கிற கூட்டம். முறை வைத்து வீடு மாறும்.

"நம்ம மொற அடுத்த மாசம்தான?"

"மாத்திக் கேட்டு வாங்கினேன்."

"எத்தினி மணிக்கு?"

"ஏழு மணி."

ஏழு மணிக்குத்தான் அவனுக்கு ஆன்லைன் கூட்டம். வெளிநாட்டிலிருந்து கம்பெனியின் பெரிய அதிகாரி கேத்தரின் அம்மையார் பேசுகிறார். தலைப்பு, சிக்கனமும் நம் எதிர்காலமும். அன்பியத்தைத் தள்ளி வை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்பாள். அந்தக் கூட்டம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லப் போனால் சின்ன அறை வரைக்கும் போய்த்தான் நிற்க வேண்டும்.

"சரி, நான் சமையல் ரூம்ல குந்திக்கறேன்" என்றான்.

புதன்கிழமை ஏழு மணிக்குக் கூடம் நிரம்பிவிட்டது. பிராங்கிளின் சமையலறையில் காஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்து, அடுப்பு மேடையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டான். ஒரு பக்கம் அன்பியத்துக்கான டீக்குப் பால் காய்ந்துகொண்டிருந்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான்.

திரையில் கேத்தரின் அம்மையார் பேசிக்கொண்டிருந்தார். அவர் முகமும் பிராங்கிளினின் மேனேஜர் சித்தார்த்தின் முகமும் மட்டும் தெரிந்தன. மற்ற நூற்றுக்கணக்கான பேரும் கேமராவை அணைத்துவிட்டுப் பேராக மட்டும் இருந்தார்கள்.

"பிராங்கிளின், அந்த டெஸ்டிங் முடிஞ்சுதா? மேடம் கேக்கறாங்க" என்றான் சித்தார்த்.

பிராங்கிளின் மைக்கைத் திறந்தான். முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னான். அந்த வேளை பார்த்துப் பால் பொங்கியது. அவன் பாய்ந்து அடுப்பை அணைத்து, துணி தேடி, மேடையைத் துடைத்து, கையைச் சுட்டுக்கொண்டு, சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தான். மைக்கை மூட மறந்துவிட்டான்.

கேத்தரின் அம்மையார் பேச்சை முடித்தார். "யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். கம்பெனி இருக்கிற இருப்பில் எவன் வாயைத் திறப்பான்? ஒரே அமைதி.

அந்த அமைதிக்குள் வியாகுலம்மாள் நுழைந்தாள்.

வியாகுலம்மாள் அன்பியத்தின் தலைவி. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள். விசைப்படகு எஞ்சின் ஓடும்போதே நாலு படகு தள்ளி நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி விலை சொல்லிப் பழகிய தொண்டை.

"இரக்கமுள்ள ஆண்டவரே! இந்த வூட்டுப் புள்ள பிராங்கிளினுக்குக் கம்பெனில வேல போவப் போவுதாம். அந்தப் புள்ள வூட்ல சொல்லாம உள்ளுக்குள்ளயே வெச்சி மருகிகினு கீது. கம்பெனிக்காரங்களுக்கு நல்ல மனசக் குடுக்க வேணுமாய் உம்மை மன்றாடுகிறோம்!"

கூடம் மொத்தமும் ஒரே குரலில் முழங்கியது: "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே!"

பிராங்கிளினின் விரல் வாயிலேயே நின்றுவிட்டது. இவளுக்கு எப்படித் தெரியும்?

"அந்த மேனேஜர் சித்தார்த்! சித்தார்த் பாக்கற வேலையும் சேத்து எங்க புள்ளதான் பாக்குது. சித்தார்த் சொம்மா குந்திகினு பேர் வாங்கிகினு கீறான். அந்த சித்தார்த் கண்ணத் தொறக்க வேணுமாய் உம்மை மன்றாடுகிறோம்!"

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே!"

"அதுக்கும் மேல கேத்தரின்னு ஒரு அம்மா கீதாம். கேத்தரின்! நல்ல பேரு, அர்ச்சிஷ்டவ பேரு, கோயில்ல வெச்சிக் கும்புடற பேரு. அந்தப் பேருக்காவது மரியாத வர வேணாமா? கேத்தரின் மனசு எறங்க வேணுமாய் உம்மை மன்றாடுகிறோம்!"

இத்தனை நாள் சாப்பிடும்போது அவன் வீட்டில் புலம்பியதெல்லாம் ஜெபமாகிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை கை தட்டலும் சேர்ந்துகொண்டது. யேசுதாஸின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே!"

அப்போதுதான் பிராங்கிளின் திரையைப் பார்த்தான். பேசுகிறவர் பேரைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு விழும். அந்த மஞ்சள் கோடு அவன் பேரைச் சுற்றி ஜொலித்துக்கொண்டிருந்தது. சித்தார்த்தின் முகத்தில் ரத்தமே இல்லை. கேத்தரின் அம்மையார் கண்ணை அகல விரித்து, வலது கையை மெல்ல நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

"தேங்க் யூ, சென்னை" என்று தழுதழுத்த குரலில் சொல்லிவிட்டு மறைந்தார்.

"பிராங்கிளின்," என்றான் சித்தார்த், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவன் மாதிரி, "நீங்க மியூட்ல இல்ல." அவனும் மறைந்தான்.

பிராங்கிளின் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

"யார் சொன்னது உங்களுக்கெல்லாம்?"

"தாஹிரா சொன்னா" என்றாள் ஜானட், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்கிட்ட சொல்லணும்னு உங்களுக்குத் தோணல இல்ல?"

"தாஹிராவுக்கு யார்... சரி, விடு." கமால் மேல் கோபப்படக்கூட அவனுக்குத் தெம்பு இல்லை.

"நல்லா கேட்டுதா நைனா?" என்று விசாரித்தாள் வியாகுலம்மாள்.

"வெளிநாடு வரைக்கும் கேட்டுதுக்கா."

"மேல போய்ச் சேர்ந்தா சரி" என்று அவள் டீக்குக் கை நீட்டினாள்.

நடந்தது என்ன என்று பிராங்கிளின் விளக்கியதும் கூடத்தில் மறுபடி ஜெபமாலைகள் வெளியே வந்தன. யேசுதாஸ் மட்டும் அசரவில்லை. "நெசத்ததான சொன்னோம்? கெட்ட வார்த்த ஒண்ணியும் சொல்லலியே" என்றார்.

இருந்த கொஞ்ச நஞ்ச வாய்ப்பும் போய்விட்டது என்று பிராங்கிளினுக்குப் பட்டது. மறுநாள் நேரில் போய் சித்தார்த்திடம் மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தான்.

"வெறுங்கையோட போவாதீங்க" என்றாள் ஜானட். மன்னிப்புக் கேட்கப் போனால் கையில் ஏதாவது கொண்டுபோவதுதான் அவர்கள் பக்கத்து மரியாதை. விடிகாலையில் எழுந்து, ஒரு பாட்டில் நிறைய நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு செய்து, மூடியை இறுக்கிக் கொடுத்தாள்.

சித்தார்த் தன் கண்ணாடி அறையில் இருந்தான். பிராங்கிளின் வருவதைப் பார்த்ததும் எழுந்து திரையை இழுத்து விட்டான். தட்டியும் திறக்கவில்லை. பிராங்கிளின் பாட்டிலைக் கதவோரம் வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்தான். சித்தார்த் அவசரமாக வெளியே வந்தபோது கால் பட்டு அது உருண்டு, தூணில் மோதி உடைந்தது.

முன்பானால் ஏ.சி. அந்த வாசனையை அரை மணியில் இழுத்துக்கொண்டு போயிருக்கும். சிக்கனத்துக்காக அதைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். தொக்கின் மணம் தளம் முழுக்க நின்று நிதானமாக உலாவியது. பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்கள். மீதிப் பாதிக்கு அகோரப் பசி எடுத்தது. துடைக்க டிஷ்யூ பேப்பரும் இல்லை. பிராங்கிளின் மண்டியிட்டுத் தன் கைக்குட்டையால் தரையைத் துடைத்தான்.

"ஸார், ஸாரி ஸார். நேத்து நடந்தது..." என்று நிமிர்ந்தான்.

"எதுவும் பேசாதீங்க பிராங்கிளின்" என்றான் சித்தார்த். அவன் கை தன் கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டது. "நாளைக்கு நாலு மணி. அதுக்கப்புறம் பேசலாம், பேச ஏதாவது இருந்தா."

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னான். இனி மறைக்க என்ன இருக்கிறது? ஜானட் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போனா போவட்டும். நீங்க போவாம இருந்தா சரி. கம்ப்யூட்டர் இல்லாட்டியும் எனக்கு நீங்க பிராங்கிளின்தான்."

பிராங்கிளினுக்கு அந்த வார்த்தை ரொம்ப ஆறுதலாக இருந்தது. இத்தனை நாள் இவளிடம் மறைத்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. யேசுதாஸ் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பூசைக்கு என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு பிராங்கிளின் சின்ன அறைக்குள் போனான். ரிஃபானா மேடம் ஒரு நாற்காலியைக் காட்டினார். கதவைச் சாத்தினார்.

"உக்காருங்க மிஸ்டர் பிராங்கிளின். விஷயம் கொஞ்சம் சென்சிட்டிவ்..."

அப்போது ஜன்னலுக்குக் கீழேயிருந்து மைக் சத்தம் கேட்டது. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். தோழர்களே!"

பிராங்கிளின் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும்.

துறைமுகத்தில் ஒருத்தன் வேலைக்கு ஆபத்து என்றால் ஷிப்ட் முடிகிற நேரம் பார்த்து வாசலில் கேட் மீட்டிங் போடுவார்கள். யேசுதாஸ் அந்தக் காலத்தில் கேட் மீட்டிங் போடாத வாசல் கிடையாது. இப்போது தன் பழைய கூட்டாளிகளைத் திரட்டி, கோயில் திருவிழாவுக்கு வைத்திருந்த மைக் செட்டை இரவல் வாங்கி, ஆட்டோ பிடித்து, ராயபுரத்திலிருந்து இத்தனை தூரம் வந்து இறங்கியிருந்தார். நோ பார்க்கிங் பலகைக்கு அடியில் வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டு பேசினார்.

"பிஸ்கெட்ட நிறுத்தினான், கேட்டீங்களா? பூந்தொட்டியத் தூக்கினான், கேட்டீங்களா? இப்ப எம் புள்ளயத் தூக்கறான்! நாளிக்கு உன்னத் தூக்குவான்!"

டீ குடிக்க வெளியே வந்த இளைஞர்களும் பெண்களும் நின்று கேட்டார்கள். பிஸ்கெட் என்றதும் யாரோ விசில் அடித்தார்கள். செக்யூரிட்டி வந்து கலைக்கப் பார்த்தார். பார்த்துவிட்டு, பெரியவருக்குத் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

ரிஃபானா மேடம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"அது யாரு?"

"எங்க நைனா, மேடம்."

"எந்த ஏரியா நீங்க?"

"ராயபுரம்."

ரிஃபானா மேடத்தின் முகம் கொஞ்சம் இளகியது. குரலில் இருந்த இஸ்திரி மடிப்பும் கலைந்தது. "நான் வண்ணாரப்பேட்ட. எங்க அத்தாவும் ஹார்பர்தான். கேட் மீட்டிங்னா சோத்தக்கூட மறந்துட்டு ஓடிடுவாரு. அதான் எங்கியோ கேட்ட மாதிரி கீதேன்னு பாத்தேன்." சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய குரலுக்குத் திரும்பினார். "மிஸ்டர் பிராங்கிளின், திங்கக்கிழமை நான் உங்களைக் கூப்பிட்டப்ப, வேலைய விட்டு அனுப்பற லிஸ்ட்ல உங்க பேர் இருந்துச்சு. அது உண்மை."

பிராங்கிளின் கழுத்தில் இருந்த அட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்தான்.

"எடுத்து மாட்டுங்க. இப்ப இல்ல. உங்க டீம்ல யாரையும் தொடக் கூடாதுன்னு நேத்து மேலிடத்துலேர்ந்து உத்தரவு வந்திருக்கு."

"ஏன் மேடம்?"

"காரணம் எழுதல. நானும் கேக்கல. நல்ல சேதி வந்தா காரணம் கேக்காதீங்க, மனசு மாறிடும்." எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "மொதல்ல கீழ போய் உங்க நைனாவ இட்டுகினு போங்க. நான் கேட்டேன்னு சொல்லுங்க. அப்படியே வெளிய சித்தார்த் நிப்பாரு, உள்ள வரச் சொல்லுங்க."

"சித்தார்த்தா?"

"அவரையும்தான் நாலரைக்குக் கூப்பிட்டிருந்தேன்."

வெளியே சித்தார்த் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான். கழுத்து அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். வாரம் பூராவும் அவன் ஏன் அப்படி வெளிறிப் போயிருந்தான் என்று பிராங்கிளினுக்கு அப்போதுதான் உறைத்தது. பாவமாக இருந்தது. "ஸார், பயப்படாம போங்க. நல்ல சேதிதான்" என்று தோளில் தட்டினான். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்த சித்தார்த், பிராங்கிளினைக் கட்டிக்கொண்டு, "அந்தத் தொக்கு இன்னொரு பாட்டில் கிடைக்குமா?" என்று கேட்டான்.

அன்று வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. மின்விசிறி ஐந்தில் சுற்றியது. டீயில் பால் இருந்தது. கமாலும் தாஹிராவும் பிரியாணியோடு வந்துவிட்டார்கள். பிராங்கிளின் சுறாப்புட்டு, பிரியாணி இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். அப்படி ஒரு நிறைவு அவனுக்கு ரொம்ப நாளாக இல்லை. கம்ப்யூட்டர் பிராங்கிளின் கம்ப்யூட்டர் பிராங்கிளினாகவே இருந்தான்.

சண்டை வேலையைக் காப்பாற்றியது யார் என்பதில்தான்.

"கேட் மீட்டிங் போட்டன் பாரு, ஆடிப்பூட்டான்" என்றார் யேசுதாஸ்.

"நைனா, உத்தரவு வியாழக்கெழமயே வந்துடுச்சாம். நீ போட்டது வெள்ளிக்கெழம."

"நான் போடப்போறேன்னு தெரிஞ்சிகினு இருப்பான்."

"என் தொக்கு" என்றாள் ஜானட்.

"அது தூண்ல மோதி ஒடஞ்சிடுச்சே."

"வாசன போச்சு இல்ல? அது போதும்."

"நான் தாஹிராகிட்ட சொல்லாங்காட்டி அன்பியமே கெடையாது. அப்பறம் எங்கேர்ந்து ஜெபம்?" என்றான் கமால், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

வியாகுலம்மாள் யாரோடும் வாதாடவில்லை. "எது எங்க போய்ச் சேரணுமோ அங்க போய்ச் சேர்ந்துது" என்று சொல்லிவிட்டு ஒரு லெக் பீஸை எடுத்துக்கொண்டாள். அவள் சொன்னதுதான் சரி என்று கடைசியில் எல்லாருமே ஒத்துக்கொண்டார்கள், பிராங்கிளின் உட்பட.

அடுத்த புதன்கிழமை அன்பியம் வியாகுலம்மாள் வீட்டில். ஜானட்டும் யேசுதாஸும் அங்கே போய்விட்டார்கள். பிராங்கிளின் இந்தத் தடவை கூடத்திலேயே, மின்விசிறிக்கு நேர் கீழே, மடிக்கணினியோடு நிம்மதியாக உட்கார்ந்தான். அடுப்பில் பால் இல்லை. மைக் மூடியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டான். வீட்டில் ஈ பறந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி.

திரையில் கேத்தரின் அம்மையார் தோன்றினார். அவரைச் சுற்றி கோட்டு போட்ட இன்னும் பெரிய அதிகாரிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மையார் முகம் மலர்ந்திருந்தது. வலது கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்:

"சித்தார்த், போன வாரம் நான் பேசி முடித்ததும் உங்கள் டீம் மொத்தமும் ஒன்றாகக் கூடி, உங்கள் பேரையும் என் பேரையும் சொல்லிச் சொல்லி ஒரே குரலில் வாழ்த்துக் கோஷம் போட்டதே, அப்படி ஒற்றுமையான டீமில் கை வைக்க எனக்கு மனமே வரவில்லை, இவர்கள் யாரும் நான் சொன்னதை நம்ப மாட்டேன் என்கிறார்கள், எங்கே, அதை இன்னொரு தடவை போடச் சொல்லுங்கள்!"